வாசகர் கேள்வி – பதில்: குடல் நுண்ணுயிரிகள் எதிர்ப்பு செல்களிடம் என்ன பேசுகின்றன?

குடல் நுண்ணுயிரிகள் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்?’ கூட்டுவது எப்போதும் நல்லதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆஸ்துமா, முடக்குவாதம், குடல் அழற்சி எல்லாமே எதிர்ப்பு செல்கள் தேவைக்கு மேல் வேலை செய்வதால் வருபவை. குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அந்தச் செல்களைத் தூண்டவும் செய்கின்றன, அடக்கவும் செய்கின்றன.

‘உடலின் எதிர்ப்பு சக்தியில் 70 சதவீதம் வயிற்றில்தான் இருக்கிறது’ என்று எல்லா விளம்பரத்திலும் வருகிறதே, உண்மையா?
– கல்லூரி மாணவி, மதுரை

செல்களின் எண்ணிக்கையாகப் பார்த்தால் உண்மையில்லை. 2023-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, 73 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 1.8 லட்சம் கோடி எதிர்ப்பு செல்கள் உள்ளன. மொத்த எடை ஏறத்தாழ 1.2 கிலோ. அவற்றில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலும், லிம்போசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் பெரும்பாலும் நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் இருக்கின்றன.

ஆனால் ஒரு வகையில் குடலுக்குத்தான் முதலிடம். ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்களில் பெரும்பகுதி குடல் சுவரில்தான் குடியிருக்கிறது. அவை ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் வரை ஐஜிஏ என்ற ஆன்டிபாடியைக் குடலுக்குள் அனுப்புகின்றன. இந்த ஐஜிஏ பாக்டீரியாக்களைக் கொல்வதில்லை. அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று பிணைத்து, சளிப்படலத்தைத் தாண்டாமல் நிறுத்துகிறது.

நுண்ணுயிரி நம் செல்களைவிட 10 மடங்கு அதிகம் என்ற பழைய கணக்கும் 2016-ல் திருத்தப்பட்டுவிட்டது. பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, நம் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்களின் மொத்த எடை 200 கிராம் அளவுதான்.

வெளியிலிருந்து வரும் பாக்டீரியாவைக் கண்டதும் கொல்லும் எதிர்ப்பு செல்கள், குடலில் இருப்பவற்றை மட்டும் ஏன் விட்டுவைக்கின்றன? பாக்டீரியா அவற்றோடு ‘பேசுகிறது’ என்பதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?
– உயிரியல் ஆசிரியர், திருநெல்வேலி

முதல் காரணம் இடைவெளி. பெருங்குடலின் உட்சுவர் ஒற்றை வரிசை செல்களால் ஆனது. அதன் மேல் இரண்டு அடுக்குச் சளி இருக்கிறது. வெளி அடுக்கு தளர்வானது, பாக்டீரியா அதில் வாழும். உள் அடுக்கு இறுக்கமானது. ஆரோக்கியமான குடலில் அங்கே பாக்டீரியா அநேகமாக இருக்காது. சிறுகுடலில் சளி ஒரே அடுக்குதான். அங்கே பாக்டீரியாவைக் கொல்லும் புரதங்களும் ஐஜிஏ-வும் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. ஆக, விலகி நின்றால் சண்டை இல்லை.

இரண்டாவது காரணம் பயிற்சி. நுண்ணுயிரியே இல்லாத கூண்டில் பிறந்து வளரும் எலிகளில் சிறுகுடலில் எதிர்ப்பு செல்கள் குவிந்திருக்கும் பேயர் திட்டுகள் சிறுத்திருக்கும், ஐஜிஏ மிகக் குறைவாக இருக்கும், குடல் சுவரில் டி செல்களும் (லிம்போசைட்டுகளில் ஒரு வகை) குறைவாக இருக்கும். சாதாரண எலியின் குடல் நுண்ணுயிரிகளைக் கொடுத்தால் இவற்றில் பல வளர்ந்துவிடும்.

எந்தப் பாக்டீரியா எந்தச் செல்லை வளர்க்கிறது என்பதற்கு வகுப்பில் சொல்ல மிகப் பொருத்தமான ஆய்வு 2009-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டான் லிட்மன் குழு செய்தது. ஒரே மரபு வகை எலிகளை ஜாக்சன், டகோனிக் என்ற இரண்டு நிறுவனங்கள் விற்கின்றன. டகோனிக் எலிகளின் சிறுகுடலில் அழற்சியைத் தூண்டும் டிஎச்17 என்ற டி செல்கள் நிறைய இருந்தன. ஜாக்சன் எலிகளில் மிகக் குறைவு. மரபணு ஒன்றே, வேறுபட்டது பாக்டீரியா. டகோனிக் எலிகளின் சிறுகுடல் கடைப்பகுதியில் நீண்ட இழைபோன்ற ஒரு பாக்டீரியா சுவர் செல்லோடு ஒட்டி வளர்ந்திருந்தது. அதை மட்டும் ஜாக்சன் எலிக்குக் கொடுத்ததும் அங்கேயும் டிஎச்17 பெருகியது. ஒட்டியதை உணர்ந்த சுவர் செல்கள் சீரம் அமைலாய்டு ஏ என்ற புரதத்தைச் சுரக்க, டி செல்களுக்குத் தகவல் சொல்லும் டென்ட்ரைட்டிக் செல்கள் அருகிலிருந்து அதை ஏற்று, இளம் டி செல்களை டிஎச்17 ஆகும்படி தூண்டுகின்றன. அந்த எலிகள் குடல் தொற்றை நன்றாகத் தாங்கின. அதே பாக்டீரியா, மூட்டுவாதம் வரக்கூடிய மரபுள்ள இன்னொரு வகை எலியில் நோயைக் கிளப்பியது என்பதையும் மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். ‘நல்ல பாக்டீரியா’, ‘கெட்ட பாக்டீரியா’ என்ற பட்டியல் இந்த இடத்தில்தான் உடைகிறது.

எதிர்ப்பக்கத்தில் டி-ரெக் செல்கள் உள்ளன. மற்ற டி செல்களை அடக்குபவை. ஜப்பானில் கென்யா ஹோண்டா குழு 2011-ல் எலிகளின் கிளாஸ்ட்ரிடியா என்ற பாக்டீரியா வகைகள் பெருங்குடலில் டி-ரெக் செல்களைப் பெருக்குவதைக் காட்டியது. 2013-ல் மனித மலத்திலிருந்து பிரித்த 17 கிளாஸ்ட்ரிடியா திரிபுகளும் அதையே செய்தன. டெட்டனஸ் வரவழைக்கும் உறவுக்காரனை வைத்து மொத்தக் குடும்பத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பாக்டீரியாக்கள் பேசும் மொழி வேதிப்பொருள். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. பியூட்டிரேட் டி செல்லுக்குள் நுழைந்து, மரபணுக்களை மூடிவைக்கும் ஹிஸ்டோன் டீஅசிட்டிலேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. அதனால் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு திறந்தே இருக்கிறது. அந்தச் செல் டி-ரெக் ஆகிறது. 2013-ல் தனித்தனிக் குழுக்கள் இந்த அமிலங்கள் டி-ரெக் செல்களைப் பெருக்குவதை எலிகளில் காட்டின.

பியூட்டிரேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெருங்குடல் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். அதை எரிக்க ஆக்சிஜன் செலவாவதால் குடலுக்குள் ஆக்சிஜன் கசிவதில்லை. ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாக்கள் நிம்மதியாக வாழ்கின்றன. ஆன்டிபயாடிக் அவற்றைக் கொன்றால் பியூட்டிரேட் குறைகிறது, செல்கள் வேறு எரிபொருளுக்கு மாறுகின்றன, ஆக்சிஜன் உள்ளே கசிகிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்தத் தெரிந்த ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவை அந்த நேரம் பார்த்துப் பெருகுகின்றன.

நார்ச்சத்து நல்லதென்று கேழ்வரகு, கொண்டைக்கடலை, கொய்யா எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சேர்த்தேன். வயிறு உப்பிக்கொண்டு தூக்கமே இல்லை. எனக்கு ஒத்துக்கொள்ளாதா?
– இல்லத்தரசி, சேலம்

சேர்த்த பொருள்களில் தவறில்லை, வேகத்தில்தான் தவறு. கடலையிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகளைச் செரிக்க நம்மிடம் நொதி இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளிவருகின்றன. அந்த உணவுக்குப் பழகிய பாக்டீரியாக் கூட்டம் உருவாகச் சில வாரங்கள் ஆகும்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை எட்டுவது கடினமில்லை. உலர்ந்த எடையில் 50 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 12 கிராம், 50 கிராம் கேழ்வரகு மாவில் 5 முதல் 6 கிராம், 100 கிராம் கொய்யாவில் 8 கிராமுக்கு மேல், 50 கிராம் முருங்கைக்கீரையில் 4 கிராம் கிடைக்கும். ஒப்பிட, 100 கிராம் வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை.

இப்போது எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். வாரத்துக்கு 5 கிராம் நார்ச்சத்து என்ற கணக்கில் கூட்டுங்கள்: முதல் வாரம் உலர்ந்த எடையில் 20 கிராம் கடலை மட்டும், அடுத்த வாரம் கேழ்வரகு, அதற்கடுத்து பழம். கடலையை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்கு குழைய வேகவைத்தால் வாயு கணிசமாகக் குறையும். தண்ணீர் குடிப்பதைக் கூட்டாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல்தான் மிஞ்சும்.

நார்ச்சத்தே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016-ல் வந்த ஓர் எலி ஆய்வு இருக்கிறது. மனிதக் குடலின் 14 பாக்டீரியா வகைகளை எலிகளில் குடியேற்றி, நார்ச்சத்தில்லாத தீவனம் கொடுத்தார்கள். பசித்த பாக்டீரியாக்கள் சளிப்படலத்தையே தின்றன. படலம் மெலிந்தது, பிறகு குடல் தொற்றுக் கிருமியைக் கொடுத்தபோது அந்த எலிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன.

ஒரு எச்சரிக்கை. க்ரோன் என்ற குடல் அழற்சி நோயால் குடல் சுருங்கியிருப்பவர்கள் நார்ச்சத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது, அடைப்பு ஏற்படலாம். உப்புசத்தோடு மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் உணவுப் பரிசோதனையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இட்லி, தயிர், பழைய சோறு மூன்றிலும் நல்ல பாக்டீரியா இருக்கிறது என்கிறார்கள். எதில் அதிகம்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

இட்லியை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மாவைப் பொங்க வைப்பது லூக்கோனோஸ்டாக் உள்ளிட்ட பாக்டீரியாக்கள்தான். ஆனால் இட்லிக் கொப்பரையின் நீராவி அவற்றைக் கொன்றுவிடும். எளிதில் செரிக்கும் நல்ல உணவு, அவ்வளவுதான்.

தயிரில் உயிருள்ள பாக்டீரியா ஏராளம். கொதிக்கவிட்ட மோர்க்குழம்பில் அவை இருக்காது. குடலில் அவை நிரந்தரமாகக் குடியேறுவதில்லை, கடந்து போகும்போது வேலை செய்கின்றன. எனவே வாரத்துக்கொரு நாள் ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிடுவதைவிட, தினமும் கொஞ்சம் சேர்ப்பதே பயன் தரும்.

பழைய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாவும் உண்டு, செரிக்காத மாவுச்சத்தும் உண்டு. பின்னதைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். வெள்ளை அரிசிச் சோற்றை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், 100 கிராம் சூடான சோற்றில் 0.64 கிராமாக இருந்த அந்த மாவுச்சத்து, அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆறியபின் 1.30 கிராம் ஆனது. இரண்டு மடங்குதான், ஆனாலும் ஒன்றரை கிராமைத் தொடவில்லை. அதில் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தின் இன்யுலின் நார்ச்சத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், சோறு வெதுவெதுப்பாகத் திறந்தே கிடக்கும் மாலை நேரத்தில். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து, வாந்தி வரவழைக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சோறு ஆறியவுடன் முழுவதும் மூழ்கும்படி சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடுங்கள், காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். நூல்போல இழுத்தாலோ புளிப்பைத் தாண்டிய நாற்றம் அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.

புளிக்க வைத்த உணவுகள் எதிர்ப்பு செல்களை மாற்றுமா என்பதை 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்துச் சோதித்தார்கள். 10 வாரம் ஒரு குழு யோகர்ட், கெஃபிர் (புளித்த பால்), கிம்ச்சி (புளித்த காய்கறி) போன்றவற்றை நாளுக்கு ஆறு பரிமாறல் அளவு வரை சாப்பிட்டது. இன்னொரு குழு நார்ச்சத்தைக் கூட்டியது. முதல் குழுவில் நுண்ணுயிரி வகைகள் கூடின, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவில் வகைகள் கூடவில்லை. நார்ச்சத்து பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஏற்கெனவே குறைந்துபோன கூட்டத்துக்கு 10 வாரம் போதவில்லை என்றே நாங்கள் படிக்கிறோம்.

ஆன்டிபயாடிக் சீட்டோடு புரோபயாடிக் காப்ஸ்யூலும் எழுதி வருகிறது. சிலர் கேட்டே வாங்குகிறார்கள். கட்டாயம் தேவையா?
– மருந்துக்கடை ஊழியர், விருதுநகர்

கட்டாயமில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக் முடித்தவர்களில் ஒரு பிரிவு 11 வகை உயிருள்ள பாக்டீரியா கலந்த புரோபயாடிக் காப்ஸ்யூலை எடுத்தது. எதுவும் எடுக்காதவர்களைவிட அவர்களுக்குத்தான் சொந்தப் பாக்டீரியாக்கள் திரும்பத் தாமதமானது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ‘எப்படியும் தீங்கில்லை’ என்ற பேச்சுக்கு அது பதில்.

குழந்தைகளின் திடீர் வயிற்றுப்போக்குக்கும் அதே நிலைதான். 2018-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், லாக்டோபேசில்லஸ் என்ற புரோபயாடிக் பாக்டீரியா வகைகள், மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்தைவிட ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. ஓஆர்எஸ், ஜிங்க் இரண்டையும் விட்டுவிட்டுக் காப்ஸ்யூல் மட்டும் கேட்பவரைத் திருத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், லாக்டோபேசில்லஸ் வகையை ஆன்டிபயாடிக்கிலிருந்து குறைந்தது 2 மணி நேரம் தள்ளிக் கொடுக்கச் சொல்லுங்கள். சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற புரோபயாடிக் ஈஸ்ட் வகை. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கொன்றுவிடும். கழுத்துச் சிரையில் குழாய் போட்டவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், வெள்ளையணு மிகக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஈஸ்டைக் கொடுக்கவே கூடாது. இரத்தத்தில் பூஞ்சைத் தொற்று வந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

ரோட்டா சொட்டு மருந்து போட்டும் சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. குடல் கிருமிகள் மருந்தைத் தடுக்கின்றனவா?
– கிராம சுகாதார செவிலியர், ராணிப்பேட்டை மாவட்டம்

உங்கள் பக்கத்து ஊரான வேலூரில் நீண்ட காலமாக ஆராயப்படும் கேள்வி இது. வாய்வழி போலியோ சொட்டு மருந்து இங்குள்ள குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை என்பதை 1970-களிலேயே டி. ஜேக்கப் ஜான் குழு கண்டது. ரோட்டாவாக் என்ற ரோட்டா சொட்டு மருந்தும் இந்திய ஆய்வில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் 56 சதவீதம் அளவுக்கே தடுத்தது. பணக்கார நாடுகளில் ரோட்டா தடுப்பு மருந்துகள் 85 சதவீதத்துக்கு மேல் தடுக்கின்றன.

காரணம் ஒன்றல்ல. தாயிடமிருந்து வரும் ஆன்டிபாடிகள், கூடவே கொடுக்கும் போலியோ சொட்டு மருந்து, அடிக்கடி வரும் தொற்றால் நலிந்து அழற்சியடைந்த சிறுகுடல் சுவர் எல்லாம் சேர்கின்றன. பாக்டீரியாதான் குற்றவாளி என்றால் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாக வேண்டும் அல்லவா? வேலூரில் அதையும் சோதித்தார்கள். போலியோ சொட்டு மருந்துக்கு முன் குழந்தைகளுக்கு 3 நாள் அசித்ரோமைசின் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாவும் அழற்சிக் குறியீடுகளும் குறைந்தன. தடுப்பு மருந்தின் பலன் கூடவில்லை. முடிவு 2016-ல் வெளியானது. கேட்பதற்கு ஏமாற்றம்தான், ஆனால் இதுபோன்ற ஆய்வுகள்தான் தேவையில்லாத மருந்துச் சீட்டுகளைக் குறைக்கின்றன.

6, 10, 14 வாரங்களில் தவறாமல் மூன்று தவணை போடுங்கள். 56 சதவீதம் என்றாலும், நோய் அதிகமுள்ள இடத்தில் அது காப்பாற்றும் உயிர்கள் அதிகம். சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் தாய்ப்பாலை நிறுத்திப் பார்த்த ஆய்வுகளிலும் பலன் இல்லை, நிறுத்தச் சொல்லாதீர்கள்.

சிசேரியனில் பிறந்த குழந்தைக்குத் தாயின் பிறப்புறுப்புத் திரவத்தைத் தடவினால் எதிர்ப்பு சக்தி வரும் என்று காணொளியில் சொல்கிறார்கள்.
– ஏழு மாதக் கர்ப்பிணி, தஞ்சாவூர்

வீட்டில் செய்யாதீர்கள். ஆய்வுக்கு வெளியே இதைச் செய்ய வேண்டாம் என்பதே அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் நிலை. ஹெர்ப்பிஸ், பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் அந்த வழியாகப் போகலாம். தாய்ப்பால் கொடுப்பதில் கவனம் செலுத்துங்கள். அதிலுள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. அவை பைஃபிடோபாக்டீரியாவின் உணவு. அந்தப் பாக்டீரியா பெருகும் குழந்தைகளில் அழற்சி குறைவாக இருப்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது.

ஒடிசாவில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு 7 நாள் லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரமும் ஒரு நார்ச்சத்தும் கொடுத்ததில், இரத்தத் தொற்றும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தன (2017). அது குறிப்பிட்ட ஒரே திரிபு, எடை நன்றாக இருந்த குழந்தைகள். குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பது குறித்து 2023-ல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்திருக்கிறது. கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

என் அண்ணனுக்கு மெலனோமா புற்றுநோய். இம்யூனோதெரபி ஊசி தொடங்கப் போகிறார்கள். புரோபயாடிக் சேர்த்துக் கொடுத்தால் மருந்து நன்றாக வேலை செய்யுமா?
– வாசகர், சென்னை

மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அந்த ஊசி, டி செல்களின் பிடியைத் தளர்த்திப் புற்றுசெல்லைத் தாக்க விடுகிறது. குடல் நுண்ணுயிரிகள் இதில் பங்கெடுக்கின்றன என்பதை 2018-ல் ஹூஸ்டன், சிகாகோ, பாரிஸ் குழுக்கள் தனித்தனியே காட்டின. 2021-ல் மருந்து பலிக்காத மெலனோமா நோயாளிகளுக்கு, பலித்தவர்களின் மலத்திலிருந்து நுண்ணுயிரிகளை மாற்றினார்கள். இஸ்ரேலில் 10 பேரில் 3 பேருக்கும், பிட்ஸ்பர்க்கில் 15 பேரில் 6 பேருக்கும் பலன் தெரிந்தது.

ஆனால் அதே 2021-ல் வந்த இன்னொரு ஆய்வுதான் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். நாளுக்கு 20 கிராமோ அதற்கு மேலோ நார்ச்சத்து சாப்பிட்ட மெலனோமா நோயாளிகளுக்கு நோய் முன்னேறாமல் நின்ற காலம் நீண்டது. கடையில் விற்கும் புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அந்த நன்மை கூடவில்லை. எலிகளில் அது மருந்தின் பலனைக் குறைத்தது. நோயாளிகளின் உணவைக் கவனித்து எழுதப்பட்ட முடிவு என்பதால் நார்ச்சத்தே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுத்த ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடும் பழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள்; ஆனால் உண்மையான தொற்றுக்கு மருத்துவர் எழுதினால் மறுக்காதீர்கள். இந்த ஊசியால் குடல் அழற்சியும் வரலாம். ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் மலம் போனாலோ இரத்தம் தெரிந்தாலோ, அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே சிகிச்சைப் பிரிவுக்கு போன் செய்யுங்கள். அந்த நேரத்தில் கடலை, கீரை எல்லாம் நிறுத்தப்பட வேண்டியவை. எப்போது மறுபடி தொடங்கலாம் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

மலத்தை அனுப்பினால் குடல் நுண்ணுயிரிப் பட்டியல் தரும் பரிசோதனை செய்யலாமா?
– மென்பொருள் ஊழியர், ஓசூர்

பணத்தை மிச்சப்படுத்துங்கள். மலத்தில் இருப்பதும் குடல் சுவரை ஒட்டி, எதிர்ப்பு செல்களுக்கு அருகில் இருப்பதும் ஒன்றல்ல. இரண்டு நாள் உணவு மாறினாலே அளவுகள் மாறும். சர்க்கரை, கொழுப்புக்கு இருப்பதுபோல் ‘இதுதான் சரியான அளவு’ என்ற எல்லை இதற்கு வகுக்கப்படவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் அவர்களே விற்கும் காப்ஸ்யூலின் பெயர் இருக்கும். குடல் அழற்சி இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால், மருத்துவரிடம் மல கால்ப்ரொடெக்டின் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நியூட்ரோஃபில்கள் குடலுக்குள் வந்திருந்தால் அந்தப் புரதம் கூடியிருக்கும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளாலும் கூடும் என்பதால் அவற்றை எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.